சொந்த மைதானம் இல்லாத கிரிக்கெட் அணியை ஒரு சீசன் நடத்துவது எப்படி

இங்கிலாந்தில் சொந்த மைதானமே இல்லாத கிரிக்கெட் அணிகள் நிறைய உண்டு. ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கிராமத்துக்குப் போய் அந்த ஊர் அணியோடு ஆடிவிட்டு வருவார்கள். லீக் கிடையாது, புள்ளிப்பட்டியல் கிடையாது, கோப்பையும் கிடையாது. பழக்கம் பழையது. ஐ ஜிங்காரி 1845-லும் ஃப்ரீ ஃபாரஸ்டர்ஸ் 1856-லும் தொடங்கிய அணிகள், இன்றும் ஆடுகின்றன. அவை வசதி படைத்தவர்கள் தொடங்கியவை. இப்போது ஒரே அலுவலகத்துக்காரர்கள், ஒரே தெருக்காரர்கள், ஒரே பப்புக்குப் போகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் பதினோரு பேரைச் சேர்த்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். சர்ரே, சசெக்ஸ் பக்கம் சுற்றுகிற அப்படி ஓர் அணிக்குப் போட்டிகளைப் பேசி முடிக்கிற வேலை என்னுடையது. இங்கே புதிதாக வந்து, கிரிக்கெட் ஆட வழி தேடுகிற நம் ஆட்கள் பலர் "எப்படித் தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்து ஆள். மே மாதம் வற்றிய குளத்தில் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். நுழைவுக் கட்டணம், மைக் செட், பரிசுத்தொகை எல்லாம் உண்டு. தோற்றால் அன்றோடு வீட்டுக்கு. அந்தப் பழக்கத்தில் வருகிறவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே மைதானம் அவர்களுடையது, பிட்ச் அவர்கள் உருட்டியது, டீ அவர்கள் போட்டது. நம்மிடம் இருக்கும் ஒரே சொத்து, அடுத்த வருடமும் அவர்கள் கூப்பிடுவார்கள் என்பதுதான். அணித் தேர்வு, டிக்ளேர் செய்கிற நேரம், அம்பயர் விரல் தூக்குவது, சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது எல்லாமே அந்த அழைப்பில் போய் முடியும்.

தேதி பிடிப்பது

வேலை அக்டோபரில் தொடங்குகிறது. கிராமத்து கிளப்புகள் சனிக்கிழமை லீக் ஆடும், ஞாயிறு மைதானம் காலியாக இருக்கும். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினோரு பேர் தேறுவதே பாடாக இருக்கிறது. அதனால், சொன்னபடி ஆளோடு வந்து நிற்கிற விருந்தாளி அணிக்கு மரியாதை உண்டு. கிளப்பின் போட்டிச் செயலாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள். அதில் நம் பலத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். "எங்களில் நான்கு பேர் ஒழுங்காகப் பந்து வீசுவார்கள், இருவர் அறுபதைத் தொட்டவர்கள், ஒரு பையனுக்குப் பதினைந்து வயது" என்று எழுதினால், அவர்களும் அதற்குத் தகுந்த மாதிரி ஆள் போடுவார்கள். சும்மா "மிதமான அணி" என்று எழுதிவிட்டு, மணிக்கு எண்பது மைல் வேகத்தில் வீசுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊர் அஞ்சல்காரரின் விலாவில் அடித்தால், கதை அதோடு முடிந்தது.

பிடித்த தேதியை நழுவ விடாதீர்கள். "ஜூன் மூன்றாம் ஞாயிறு உங்கள் ஊர்" என்று ஒருமுறை அமைந்துவிட்டால், வருடாவருடம் அதுவே நடக்கட்டும். இது மொய் மாதிரி, ஒருமுறை விட்டால் கணக்கே அறுந்துபோகும். ஆகஸ்டில் பள்ளி விடுமுறை வந்தால் பாதி அணி ஸ்பெயினில் இருக்கும். அந்த மாதத்தில் இரண்டு ஞாயிறுகளை வெறுமையாக விட்டுவைப்பது நல்லது.

சீசனில் ஒரு ஆட்டமாவது பெயர்பெற்ற ஊரில் கேட்டுப் பாருங்கள். சர்ரேயில் டில்ஃபோர்டு இருக்கிறது. பப்பை ஒட்டிய பொதுப் புல்வெளிதான் மைதானம், அதுவும் நன்றாகச் சரிந்திருக்கும். மேட்டுப் பக்கம் முழு பலத்தோடு அடித்த பந்து இரண்டு ரன்னில் நின்றுவிடும், பள்ளத்துப் பக்கம் தட்டிவிட்டது பவுண்டரிக்கு ஓடும். ஹாம்ப்ஷயரில் பிராட்ஹாஃபென்னி டவுன், பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாம்பிள்டன் அணி ஆடிய குன்று. அந்த அணியின் ஜான் ஸ்மால் 1775-ல் லண்டனில் ஆடிக்கொண்டிருந்தபோது, லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மூன்று தடவை, அப்போது இருந்த இரண்டே ஸ்டம்புகளுக்கு நடுவே புகுந்து போனது. விக்கெட் விழவில்லை. பந்து வீசுகிறவருக்கு இது அநியாயம் என்று பட்டுத்தான் நடு ஸ்டம்ப் வந்தது. அந்தக் குன்றில் மட்டையோடு பந்தை எதிர்கொள்ள நிற்கிறபோது நடு ஸ்டம்பை ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியாது.

ஆள் சேர்ப்பது

பதினோரு பேர் வேண்டுமென்றால் கையில் இருபத்தைந்து பெயராவது இருக்க வேண்டும். திங்களன்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், வியாழன் இரவு பட்டியலை மூடுங்கள். "பார்க்கிறேன்" என்றால் வரமாட்டார் என்றே கணக்கு. வெள்ளிக்கிழமை கூப்பிட்டாலும் வருகிற இரண்டு பேர் எந்த அணிக்கும் வேண்டும். அவர்கள் எப்படி ஆடினாலும் சரி, அவர்களைப் பொத்திப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

ஆள் குறைந்தால் சனிக்கிழமை மாலைக்குள் எதிரணி கேப்டனுக்குச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் ஊரிலிருந்து ஒரு பையனைத் தருவார்கள். அவர்களுக்குக் குறைந்தால் நாம் தர வேண்டும். அப்படிக் கொடுக்கும்போது நம்மிடம் உபரியாக இருக்கிற ஆளைத் தள்ளிவிடக் கூடாது, நன்றாக ஆடுகிறவரைக் கொடுங்கள். எங்கள் தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை எதிரணிக்கு ஆடி எங்களையே அடித்து நொறுக்கினார். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அவரைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஹெல்மெட் இல்லாமல் பேட்டிங் செய்யக் கூடாது, வேகப்பந்து வீசினால் எத்தனை ஓவர் என்பதற்கும் வரம்பு உண்டு. இவை இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வகுத்தவை. பெற்றோரிடம் கேட்காமல் யாரையும் அழைத்துப் போகாதீர்கள்.

அப்புறம் வண்டி. ஞாயிறன்று ரயில் பாதையில் பராமரிப்பு வேலை என்று எதையாவது நிறுத்தியிருப்பார்கள், கிராமத்துக்குப் பேருந்தும் இருக்காது. யார் காரில் யார் என்பதையும் வியாழக்கிழமைப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். மைதானத்தின் பெயரை மட்டும் நம்பாமல் அஞ்சல் குறியீட்டையும் அனுப்புங்கள்.

யார் எத்தனை ஓவர், யார் எத்தனையாவது இடம் என்பதில் ஒரு நியாயம் வேண்டும். ஐம்பது மைல் வண்டியோட்டி வந்த மனிதர் ஒன்பதாவதாக இறங்கி, ஒரு ஓவரும் வீசாமல், மாலை முழுக்க எல்லைக்கோட்டில் நின்றுவிட்டுத் திரும்பினால் அடுத்த வாரம் வரமாட்டார். எங்கள் வழக்கம்: முதல் ஐந்து இடத்தில் இறங்காதவர்களுக்குக் குறைந்தது மூன்று ஓவர். இது கேப்டனுக்குச் சங்கடம்தான், சில ஆட்டம் இதனாலேயே கைநழுவும். பரவாயில்லை.

பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு புதுப் பந்து. இருபது, முப்பது ஓவர் ஆடிய பழைய பந்து மூன்று, நான்கு. ஸ்கோர் புத்தகம், பென்சில், அழிரப்பர். உபரி பெயில்ஸ். அம்பயர் எண்ணுவதற்கு ஆறு கூழாங்கல். முதலுதவிப் பெட்டி. ஆளுக்கொரு மட்டை இருந்தாலும் பேடும் ஹெல்மெட்டும் பொதுவில் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களுக்கு ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர். குளிரில் விறைத்த விரல்நுனியில் பந்து வந்து பட்டால் உயிர் போகும்.

பழைய பந்து எதற்கென்றால், தொலைந்த பந்துக்குப் பதில் வருவதும் ஏறக்குறைய அதே அளவு தேய்ந்ததாக இருக்க வேண்டும். கிராமத்து மைதானத்தைச் சுற்றி இருப்பது வேலியும் புதரும்தான். புதர் என்றால் நம் செந்தட்டி போல அரிக்கிற நெட்டில் செடி, இடுப்பு உயரத்துக்கு. பந்து உள்ளே போனால் கையை நீட்டித் துழாவாதீர்கள். மட்டையின் கைப்பிடியால் செடியைச் சாய்த்து, காலால் மிதித்து வழி செய்துகொண்டு போங்கள். பட்டுவிட்டால் பக்கத்திலேயே அகன்ற இலையோடு டாக் செடி நிற்கும், அதைக் கசக்கித் தேய்ப்பது ஊர் வழக்கம். பந்து தேடுவது ஃபீல்டர்கள் வேலை மட்டும் இல்லை. பெவிலியனில் உட்கார்ந்திருக்கும் பேட்டிங் அணியும் எழுந்து போக வேண்டும்.

டாஸ் போடுவதற்கு முன்னால்

எதிரணி கேப்டனோடு மைதானத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். உள்ளே மரம் நிற்கிறதா, பந்து அதில் பட்டால் எத்தனை ரன்? வேலிக்கு அப்பால் போனால் ஆறா, நான்கா? சசெக்ஸில் எபர்னோ மைதானத்தின் குறுக்கே ஒரு சாலையே போகிறது. அதே சசெக்ஸில் சவுத்விக் அண்ட் ஷோர்ஹாம் கிளப், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து புகார் வந்ததால், 2024-ல் தன் மைதானத்தில் சிக்ஸர் அடிப்பதையே தடை செய்தது. உள்ளூர் விதி எதுவானாலும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு, பதினோரு பேருக்கும் சொல்லிவிடுங்கள்.

மழை பெய்திருந்தால் ஆடலாமா வேண்டாமா என்பதை அந்த ஊர்தான் சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்குப் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். "கொஞ்சம் காய்ந்துவிடும், ஆடலாமே" என்று அழுத்தாதீர்கள். பிட்ச் களிமண் பிடித்த மண். ஈரத்தில் பந்து வீசுகிறவர்களின் கால் பதிந்து பள்ளம் விழுந்தால், அந்தக் குழிதான் அடுத்த சனிக்கிழமை அவர்கள் லீக் ஆட்டத்தில் வந்து நிற்கும். பெரும்பாலான ஊர்களில் அதைப் பராமரிப்பவர் சம்பளம் வாங்காத ஒரே ஒரு பெரியவர். வாரம் முழுக்க மாலை நேரங்களில் வெட்டி, உருட்டி, விதைத்துக்கொண்டிருப்பார். போன உடனே அவரைத் தேடிப் பிடித்து வணக்கம் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவர் துடைப்பத்தை எடுப்பதற்குள் நம் ஆள் ஒருவர் எடுத்திருக்க வேண்டும்.

எப்போது டிக்ளேர் செய்வது

நட்பு ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டம் இரண்டு வகை. அணிக்கு முப்பத்தைந்து அல்லது நாற்பது ஓவர் என்பது ஒன்று, அதில் விளக்க ஏதுமில்லை. மற்றது நேரத்தை வைத்து ஆடுவது. முதலில் ஆடும் அணி போதும் என்று நினைக்கும்போது டிக்ளேர் செய்யும். டீக்குப் பிறகு மற்ற அணி துரத்தும். மாலையில் பேசி வைத்த மணிக்குக் கடைசி இருபது ஓவர் தொடங்கும். அதற்குள் ரன்னும் வரவில்லை, பத்து விக்கெட்டும் விழவில்லை என்றால் டிரா. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். டிரா என்று ஒன்று இருப்பதால்தான் பதினோராவது ஆளாக இறங்கும் தாத்தா மூன்று ஓவர் மட்டையைப் போட்டுத் தடுத்து நிற்பதற்கு அர்த்தம் வருகிறது. ஓவர் ஆட்டத்தில் அதே தடுப்பு வெறும் நேரக்கடத்தல்.

ஒரு ஞாயிறை எடுத்துக்கொள்வோம். இரண்டு மணிக்குத் தொடக்கம், நாம் பேட்டிங். கிராமத்து ஆட்டத்தில் மணிக்குப் பதினேழு ஓவர் போகும். நான்கு இருபதுக்கு நாற்பது ஓவர் ஆகியிருக்கும். ஸ்கோர் 188, விக்கெட் ஆறு. நம் ஆள் ஒருவர் 43-ல் நிற்கிறார், ஐம்பது அடிக்க வேண்டும் என்று கண்ணில் தெரிகிறது. இப்போது டிக்ளேர் செய்யுங்கள். அரை மணி நேரம் டீ. நான்கு ஐம்பதிலிருந்து ஆறு மணி வரை எழுபது நிமிடம், அதாவது இருபது ஓவர். ஆறு மணிக்குக் கடைசி இருபது. அவர்களுக்கும் நாற்பது ஓவர் கிடைத்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் இழுத்திருந்தால், முப்பத்தேழு ஓவரில் 205 என்று ஆகியிருக்கும். இரண்டு விக்கெட் விழுந்ததும் அவர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள், மாலை முழுக்க எல்லோருக்கும் அலுப்பு. அந்த 43 அடித்தவருக்கு வருத்தம் இருக்கும். தொடக்கத்திலேயே "மணி நான்கு இருபது" என்று அணியிடம் சொல்லி வைத்துவிட்டால், அவரே அதற்கேற்ப அடித்து ஆடியிருப்பார்.

மே மாதப் பிட்ச் ஈரமாக, மெதுவாக இருக்கும். 150 கூடப் போதும். ஜூலையில் தரை காய்ந்து பந்து பறக்கும், அங்கே 220 கூடப் பத்தாது. ஜூன் மாதம் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் நடுவில் ஏழே கால் சுமாருக்குச் சூரியன் மறைந்துவிடும், அதற்கு முன்பே மர நிழல் பிட்ச் வரைக்கும் நீண்டுவிடும். அந்த மாதம் ஒரு மணிக்கே தொடங்குங்கள்.

பந்து வீசும்போதும் இதே கணக்குதான். அவர்கள் 30-க்கு ஐந்து விக்கெட் என்று சரிந்தால், வேகமான ஆளை நிறுத்திவிட்டு வாரம் முழுக்க ஓவருக்குக் காத்திருந்த சுழற்பந்துக்காரரைக் கொண்டுவாருங்கள். ஆட்டம் மறுபடி உயிர்க்கும், விக்கெட்டும் விழும். பதினான்கு வயதுப் பையன் இறங்கினால் மெதுவாக, நேராக, நல்ல பந்தாகவே வீசுங்கள். வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், மனம் நோகும்.

சரி, நாமே மூன்றரை மணிக்குள் 70-க்குச் சுருண்டுவிட்டால்? அவர்கள் அடித்து முடித்த பிறகு இருபது ஓவர் ஆட்டம் ஒன்று வைக்கலாமா என்று நாமே கேட்க வேண்டும். இரண்டு அணியும் பேட்டிங் வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்ளலாம்.

அம்பயரும் ஸ்கோரரும்

நடுவர் என்று தனியாக யாரும் வரமாட்டார். பேட்டிங் அணியிலிருந்தே இருவர் நின்று, பத்து ஓவருக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். அதாவது நம் ஆளுக்கு நாமே எல்.பி.டபிள்யூ. கொடுக்க வேண்டும். மூன்று கேள்வி: பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? அடிக்க முயன்றபோது ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே காலில் பட்டதா? இரண்டும் இல்லையென்றால், ஸ்டம்பில் பட்டிருக்குமா? சந்தேகம் இருந்தால் அவுட் இல்லை. சந்தேகம் இல்லையென்றால் விரலைத் தூக்குங்கள், அவர் உங்கள் மைத்துனராகவே இருந்தாலும். தன் ஆளுக்கு ஒருபோதும் அவுட் கொடுக்காத அணி என்று ஒருமுறை பெயர் விழுந்தால், அந்த மாவட்டம் முழுக்கப் பரவிவிடும். பேட்டிங் செய்கிறவரும் பந்து மட்டையில் உரசியது தெரிந்தால் அம்பயரைப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். கூழாங்கல் ஆறும் இடது பையில் இருக்கட்டும், பந்துக்கு ஒன்றாக வலது பைக்குப் போகட்டும். பேச்சுக்கு நடுவிலும் எண்ணிக்கை தவறாது.

ஸ்கோர் எழுத அணியில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும். அந்த ஊர் ஸ்கோரரின் பக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்தாலே வந்துவிடும். ஒவ்வொரு ஓவருக்கும் சிறு கட்டம், ரன் இல்லாத பந்துக்குப் புள்ளி. ஆறும் புள்ளியாக இருந்தால் அவற்றை இணைத்து 'எம்' போடுவார்கள், அதில் விக்கெட்டும் விழுந்திருந்தால் 'டபிள்யூ'. அம்பயர் சைகை காட்டினால் கையை உயர்த்திப் பதில் சொல்லுங்கள், அதுவரை அவர் காத்திருப்பார். இன்னிங்ஸ் முடிந்ததும் மூன்று கூட்டல் ஒத்துப்போக வேண்டும்: பேட்ஸ்மேன்கள் ரன்னோடு உதிரி ரன்கள், ஓடிக்கொண்டிருந்த மொத்தம், பந்துவீச்சுக் கணக்கோடு, மட்டையில் படாமல் ஓடிய பை, லெக் பை ரன்கள். ஒத்துப்போகாவிட்டால் டீ ஆறினாலும் பரவாயில்லை, பிழையைக் கண்டுபிடித்துவிட்டு எழுந்திருங்கள்.

டீ

கோவிட்டுக்குப் பிறகு பல லீக்குகளில் டீ கட்டாயமில்லை என்றாகிவிட்டது. ஞாயிறு நட்பு ஆட்டங்களில்தான் அது நன்றாகப் பிழைத்திருக்கிறது. முட்டை சாண்ட்விச், வெள்ளரிக்காய் சாண்ட்விச், நடுவில் ஜாம் வைத்த விக்டோரியா ஸ்பாஞ்ச் கேக், பெரிய பாய்லரில் கொதிக்கும் டீ. சைவம் எத்தனை பேர், மாட்டிறைச்சி சாப்பிடாதவர் எத்தனை பேர் என்று வியாழக்கிழமையே சொல்லிவிடுங்கள். மேசைக்கு முன்னால் நின்று சொன்னால், செய்தவருக்குத்தான் சங்கடம். ஸ்பைக் ஷூவை வெளியே கழற்றுங்கள், பெவிலியன் தரை மரப்பலகை. சாப்பிட்டு முடித்ததும் கோப்பையும் தட்டும் சமையலறைக்குப் போக வேண்டும், போனவர் உள்ளே நின்று நன்றி சொல்லிவிட்டு வர வேண்டும். ஆட்டக் காசையும் இந்த நேரத்திலேயே வசூலித்துவிடுங்கள், ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுவார்கள். எங்களிடம் ஆளுக்குப் பன்னிரண்டு பவுண்டு, மாணவருக்குப் பாதி.

வருடத்தில் ஒன்றிரண்டு தடவை நாங்கள் ஒரு மைதானத்தை வாடகைக்கு எடுத்து, எங்களை அழைத்தவர்களை அழைக்கிறோம். அன்று டீ எங்கள் பொறுப்பு. எலுமிச்சை சாதம், மசால் வடை, தேங்காய்ச் சட்னி. கடலைப்பருப்பைக் காலையில் ஊறவைத்து, சோம்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, வெங்காயத்தைக் கிளம்புவதற்கு முன்னால்தான் போட்டுப் பொரிக்க வேண்டும். முன்பே போட்டால் நீர் விட்டு மாவு இளகிவிடும். டப்பாவை இறுக மூடாதீர்கள், வடை சவுத்துவிடும். கேக்கையும் விட்டுவிடாமல் பக்கத்தில் வையுங்கள். அவர்களின் ஸ்கோரர் அம்மா ஒருவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டே புத்தகம் எழுதுவார், பக்கத்தில் எண்ணெய்க் கறை இருக்கும். அந்த ஊரிலிருந்து மே மாதமே "வடை உண்டுதானே?" என்று செய்தி வந்துவிடுகிறது.

ஆட்டம் முடிந்த பிறகு

உடனே காரில் ஏறாதீர்கள். ஐம்பது அடித்தவரும் ஐந்து விக்கெட் எடுத்தவரும் ஒரு ஜக் பீர் வாங்குவது இங்குள்ள வழக்கம். குடிக்காதவர்கள் எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அடுத்த வருடத் தேதி பாதிக்கு மேல் இந்த மேசையில்தான் முடிவாகிறது. வண்டி ஓட்டுகிறவர் யார் என்பதை மட்டும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை ஒரு நன்றிக் கடிதம். அதில் அவர்கள் பக்கம் நன்றாக ஆடிய ஒருவரின் பெயர், டீ போட்டவர்களின் பெயர், பிட்ச் பெரியவருக்கு ஒரு வரி. செப்டம்பர் கடைசியில் எல்லா ஊர்களுக்கும் அடுத்த வருட ஞாயிறுகளைக் குறித்து அனுப்பிவிடுங்கள். பதில் வராத ஊருக்கு நவம்பரில் போன் செய்யுங்கள். "எங்கள் ஞாயிறு அணியையே நிறுத்திவிட்டோம்" என்று சொன்னால், மைதானத்தை வாடகைக்குத் தருவார்களா, அவர்களில் ஆட விரும்புகிற நான்கு பேர் நம்மோடு வருவார்களா என்று கேளுங்கள். எங்கள் அணியின் இப்போதைய விக்கெட் கீப்பர் அப்படிக் கிடைத்தவர்தான்.